ஒளிப்படிகங்களுக்கு மூன்று ஓலை

மாட்டுப்பட்டி,
27 ஏப்ரல் 2025

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு, மேரி எழுதுவது.

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் டின்டுவும் சுகம். அவருக்கு முதுகுவலி மட்டும் ஜீப்பை விட்டு இறங்கினால் வருகிறது, ஏறினால் போய்விடுகிறது. நீயும் மதினியும் எப்படி இருக்கிறீர்கள்? பாலக்காட்டு வெயிலை டி.வி.யில் பார்த்தாலே எனக்கு இங்கே வேர்க்கிறது. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மேகம் இறங்கினால் நம் எஸ்டேட் லயத்தில் டவர் கிடைப்பதில்லை, அது ஒரு காரணம். இன்னொன்று, போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

டின்டுவுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது அண்ணே! இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று வடக்கே எங்கேயோ. அங்கே அவளுக்குப் பிடிக்காத ஏதோ ஒரு பாடம். இன்னொன்று பெங்களூரில், அவள் ஆசைப்பட்ட ஒளிப்படிகம். அங்கே அவளுக்கு வழிகாட்டியாக வரப்போகிற பேராசிரியர் அதே விஷயத்தில் ஒரு பெரிய பாடப்புத்தகம் எழுதியிருக்கிறாராம். அதைப் படிக்காமல் அந்தத் துறையில் யாரும் இல்லையாம். காலேஜில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். எனக்குத்தான் கண்ணை மூட வரவில்லை. அஞ்சு வருஷம் பிள்ளையை ஒருத்தர் கையில் ஒப்படைப்பது பெண் கொடுப்பதற்குக் குறைந்த காரியமா?

நீ அதே விஷயத்தில் மூணு வருஷம் மண்டையை உடைத்தவன். அதனால் புத்தகத்தை உனக்கு அனுப்புகிறேன். நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூணு ஞாயிறு ஓலை வாசித்து, "இவர்களுக்குள்ளே விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்" என்று சாமியார் கேட்பாரே, அதுபோல இந்தப் புத்தகத்துக்கு நீ மூணு ஓலை வாசிக்க வேண்டும். படித்துப் படித்து எனக்கு எழுது. விக்கினம் இருந்தால் சொல்லு, நிறுத்திவிடுகிறேன். "மாமா வேண்டாம்னா நான் போகலம்மா" என்று டின்டுவே சொல்லிவிட்டாள்.

மதினிக்குக் கொஞ்சம் ஏலக்காயைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பக்கமெல்லாம் மணக்கும், திட்டாதே.

உன் தங்கை,
அன்னமேரி


பெருமாட்டி,
9 மே 2025

அன்புத் தங்கை மேரிக்கு,

நாங்கள் நலம். மாத்திரை போடுகிறேன். வெயில் நீ டி.வி.யில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். தென்னந்தோப்பில்கூட நிழல் சுடுகிறது. டின்டுவுக்கு இடம் கிடைத்ததைக் கேட்டு உன் மதினி தெருவுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கட்டி வைத்துவிட்டேன்.

இதை எடைபோட நான் சரியான தராசு இல்லை. அந்த விஷயத்தை விட்டு எனக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. ஹையர் செகண்டரிப் பிள்ளைகளுக்கு லென்ஸும் பிரிசமும் நடத்துகிறவனிடம் போய் இதைக் கேட்கலாமா? வேறு யாரையாவது விசாரித்துக்கொள். ஏலக்காய் நல்ல காய்.

மாப்பிள்ளையிடம் குழியில் ஜீப்பை மெதுவாக விடச் சொல்.

அண்ணன்,
சிலுவைராஜ்


மாட்டுப்பட்டி,
14 மே 2025

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம், நீ ஒருத்தன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். அது இங்கிருந்தே தெரிகிறது.

சரி, வாயைத் திறந்தே சொல்கிறேன். ஆமாம், முனீஸ்வரன்தான். அட்டையில் பெயரைப் பார்த்துத்தான் நீ திரும்பக் கட்டி வைத்தாய். கீழ் லயத்து முனீஸ்வரன். நம் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீனும் தின்றவன். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்து, ஒரே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனவன். அப்பாவுக்கு இடுப்பு போனபோது நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்தாய். ஆறு மாதத்தில் நீங்கள் ரெண்டு பேரும் செய்த ஆராய்ச்சி பத்திரிகையில் வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது, உங்கள் சாரின் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை. அம்மா சாகிறவரைக்கும் அவனை "அந்தப் பய" என்றுதான் சொன்னாள்.

என் பயமும் அதுதான் அண்ணே. டின்டு ராப்பகலாய்க் கண்டுபிடிப்பதை அவன் தன் பெயரில் போட்டுக்கொண்டால் நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்? அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. உனக்கு அனுப்புகிறவரைக்கும் அவன் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினாள். நான் எப்படிச் சொல்ல?

அவன் பெரிய ஆள் ஆகிவிட்டான். மற்றவர்கள் எல்லாரும் புகழத்தான் செய்வார்கள். குறை இருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க உனக்கு மட்டும்தான் காரணம் இருக்கிறது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

என் கல்யாண ஓலை ஞாபகம் இருக்கிறதா? ரெண்டாம் ஓலையன்று நம் லயத்துச் சாந்தம்மாள் எழுந்து, மாப்பிள்ளைக்குக் கம்பத்தில் வேறொரு பெண் நிச்சயமாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். உனக்கும் அப்போது அவரைக் கண்டாலே ஆகாது. "ஜீப் ஓட்டுறவனுக்கா குடுக்கப் போறீக?" என்று குதித்தாய். ஆனாலும் கம்பம் போய் ஊரெல்லாம் விசாரித்துவிட்டு வந்து, சாமியாரிடம் "விக்கினம் ஒண்ணும் இல்ல சாமி" என்று நீதானே சொன்னாய்? உனக்குப் பிடிக்காத ஆளுக்கு நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன். இன்றுவரைக்கும் குறை இல்லை.

ஜூன் முப்பதுக்குள் பெங்களூருக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டைப் பிரி.

தங்கை,
அன்னமேரி

(முதுகுவலிக்கு ஒத்தடம் கொடுத்தேன். ஜீப்பைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார்.)


பெருமாட்டி,
2 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே மழை வந்துவிட்டது. இன்று பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. உன் மதினிக்குச் சளி, எனக்குப் புதுப் பிள்ளைகள். ரெண்டும் ஒரு வாரத்தில் சரியாகும். அங்கே மண் சரிந்தது என்று செய்தியில் சொன்னார்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைப் பிரித்தேன். இது முதல் ஓலை.

அட்டை கல்யாணப் பத்திரிகை மாதிரி மினுக்குகிறது. படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சு எலும்பு முறியும், அவ்வளவு கனம். பேசுவதெல்லாம் நிறத்தைப் பற்றி, உள்ளே படமெல்லாம் சாம்பல். ரெண்டாம் அத்தியாயத்தில் ஒரு சமன்பாட்டில் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. தப்பு என் பேரில்தான் இருக்கும் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இல்லை, அவன் பேரில்தான். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பாரா நீளமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, சின்ன வயதில் அவன் கதை சொல்வது போலவே.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது கள்ள ஓலை ஆகிவிடும். இந்த மாதிரிப் புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே சமன்பாட்டைத் தூக்கித் தலையில் போடும். பிள்ளை அங்கேயே படுத்துவிடும். இவன் அப்படிச் செய்யவில்லை. மழை நனைத்த ரோட்டில் டீசல் சொட்டினால் வானவில் போல நிறம் தெரியுமே, அங்கிருந்து தொடங்குகிறான். டீசலில் அந்த நிறம் இல்லை, தண்ணீரிலும் இல்லை, பிறகு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். பதில் சொல்லாமல் சோப்புக்குமிழிக்குப் போகிறான். அங்கேயும் சொல்வதில்லை. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குகிறான். படிக்கிறவனே பொறுக்கமாட்டாமல் "சமன்பாட்டைக் கொடுமய்யா" என்று கேட்கிற இடத்தில்தான் கொடுக்கிறான். நான் இத்தனை வருஷமாக வகுப்பில் நிற்கிறேன். கேள்வி பழுக்கிறவரைக்கும் பதிலைக் கைக்குள் வைத்திருக்க எனக்கு இன்னும் வரவில்லை.

விக்கினம் இதுவரை இல்லை. எரிச்சல் உண்டு.

டின்டுவிடம் கழித்தல் குறியைப் பற்றிச் சொல். அவள் கண்ணிலும் பட்டதா என்று பார்ப்போம்.

அண்ணன்,
சிலுவைராஜ்


மாட்டுப்பட்டி,
8 ஜூன் 2025

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

மேடு நின்ற இடத்தில் நிற்கிறது, நாங்களும் நிற்கிறோம். டேம் பக்கம் சுற்றுலா ஆட்கள் யாரும் வரவில்லை. கடையில் அவித்த சோளத்தை நாங்களே தின்கிறோம். மதினிக்குச் சளி விட்டதா? சுக்குப்பொடி அனுப்பவா?

உன் முதல் ஓலை கிடைத்தது. குறை சொல்கிற பக்கமெல்லாம் கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்கிறாய். டீசல் கதை வந்ததும் கையெழுத்து முத்து முத்தாக மாறிவிட்டது. அதை எழுதும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பாய், எனக்குத் தெரியும்.

கழித்தல் குறியைப் பற்றி டின்டுவிடம் சொன்னேன். எனக்கு முத்தம் கொடுத்துவிட்டு, "மாமாவுக்கு எப்படிம்மா தெரிஞ்சது? புத்தகம் இங்க இருந்தப்ப நான் ரெண்டு நாளு அந்த எடத்துல முட்டிட்டு நின்னேன்" என்றாள். மாமாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று துருவித் துருவிக் கேட்டாள். சும்மா படிப்பார் என்று சொல்லி வைத்தேன்.

ஒரு சந்தேகம். பிள்ளை அஞ்சு வருஷம் எதோடு மல்லுக்கட்டப் போகிறாள் என்று எனக்கும் தெரிய வேண்டாமா? இந்த ஒளிப்படிகம் என்பதுதான் என்ன? அவளைக் கேட்டால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள். நீ எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் சோளம் விற்கிறவள் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுது.

தங்கை,
அன்னமேரி


பெருமாட்டி,
15 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

மதினிக்குச் சளி போய்விட்டது, கோபம் வந்திருக்கிறது. காரணம் கீழே வருகிறது. சுக்குப்பொடி அனுப்பு.

ஒளிப்படிகம் என்னவென்று கேட்டாய். சோளக்கதிரையே எடுத்துக்கொள். முத்துகள் வரிசை தப்பாமல் இருக்கின்றன அல்லவா? அதே ஒழுங்கில் ஒரு பொருளுக்குள் துளைகள் போட வேண்டும். ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவுத் துளைகள், தலைமுடியின் கனத்தில் நூறு வைக்கலாம். அப்படிப் போட்டுவிட்டால் சில நிறத்து வெளிச்சம் அதற்குள் நுழையவே முடியாது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். பூட்டு இல்லை, கதவு இல்லை, வரிசை மட்டும்தான். அதுதான் ஒளிப்படிகம்.

இது ரெண்டாம் ஓலை. நாலாம் அத்தியாயத்தில் இயற்கையில் உள்ள படிகங்களைப் பற்றி எழுதியிருக்கிறான். வண்டு, பட்டாம்பூச்சி, மயில். மயிலிறகின் நீலம் சாயமா, அடுக்கா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள், ஓர் இறகை இடித்துப் பாருங்கள் என்று பயிற்சியாகவே கொடுத்திருக்கிறான். பெருமாட்டியில் மயிலுக்கா பஞ்சம்? நெல்லை எல்லாம் அதுதான் அறுவடை செய்கிறது. தோப்பில் விழுந்து கிடந்த இறகுகளைப் பொறுக்கிக் கண்ணை மட்டும் நறுக்கி, உன் மதினியின் இரும்பு உரலில் போட்டு இடித்தேன். பக்கத்துத் தோட்டத்துச் சந்துரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்க வாத்தியாரே, மயிலுக்கு மருந்துங்களா, மயில்ல மருந்துங்களா?" என்று கேட்டான்.

மேரி, நீலம் போய்விட்டது! இடிக்க இடிக்கக் கண்முன்னாலேயே போயிற்று. கடைசியில் உரலில் இருந்தது மூக்குப்பொடி நிறத்தில் ஒரு தூள். ஒரு துளி நீலம் இல்லை. நிறம் பொருளில் இல்லை, அடுக்கில் இருக்கிறது என்று நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதை நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் தூளை வகுப்புக்குக் கொண்டுபோனேன். மணி அடித்தும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. உரலில்தான் மிளகும் இடிக்கிறோம் என்பதால் உன் மதினி என்னோடு பேசுவதில்லை.

அஞ்சாம் அத்தியாயத்தில் ஏழாவது கணக்கு என்னை ஒரு வாரம் படுத்தியது. சாப்பாட்டுத் தட்டில் விரலால் போட்டுக்கொண்டிருந்தேன். விடை வந்தபோது வீட்டுக்குள்ளேயே கைதட்டிவிட்டேன். குறை சொல்ல வேண்டுமானால், இந்தப் படிகங்களைச் செய்கிற விதத்தைச் சுருக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறான். தெரிந்தவர்களுக்கு அது போதும், புதிதாக வருகிறவர்களுக்குப் போதாது.

ரெண்டாம் ஓலைக்கும் விக்கினம் இல்லை. ஆறாம் அத்தியாயத்தை இன்னும் தொடவில்லை.

அண்ணன்,
சிலுவைராஜ்


மாட்டுப்பட்டி,
22 ஜூன் 2025

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். சுக்குப்பொடி இதோடு வருகிறது, மதினியிடம் என் பெயரைச் சொல்லிச் சமாதானமாகப் போ. உன் மாப்பிள்ளை உன் உரல் கதையைக் கேட்டு ஜீப்பில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆறாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுதவில்லை. டின்டுவின் எம்.எஸ்ஸி. புத்தகத்தில் பார்த்தேன், ஒரு வரிசையில் ஒரே ஒரு துளை இல்லாத படம். அந்தக் காலத்தில் நீ லீவில் வரும்போது வாசலில் உட்கார்ந்து அதே படத்தைத்தான் வரைந்துகொண்டிருப்பாய்.

வடக்கே இருந்து மறுபடி மெயில் வந்திருக்கிறது. பெங்களூருக்கு முப்பதாம் தேதி கடைசி. டின்டு தபால்காரர் வருகிற நேரத்துக்கு மட்டும் சரியாகக் கடைக்கு வந்து நிற்கிறாள்.

உன் ஓலை வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உன்னைக் கட்டாயப்படுத்துவதாக நினைக்காதே. உன்னால் எழுத முடியவில்லை என்றால் அதுவே எனக்குப் பதில்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை அண்ணே, உண்மையாகவே இல்லை.

தங்கை,
அன்னமேரி


பெருமாட்டி,
26 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். புத்தகமும் இதோடு வருகிறது.

மூன்றாம் ஓலை.

ஆறாம் அத்தியாயம் அந்த விட்டுப்போன துளையைப் பற்றியது. எல்லாத் துளையும் ஒழுங்காக இருக்கிற படிகம் வெளிச்சத்தை உள்ளே விடாது. அதில் ஒரே ஒரு துளையைப் போடாமல் விட்டுப் பார். சோளக்கதிரில் ஒரு முத்து உதிர்ந்த மாதிரி. சுற்றிலும் எங்கேயும் போக வழியில்லாத வெளிச்சம் அந்த ஓர் இடத்தில் வந்து தங்கிவிடும். அதைக் கணக்கில் பிடிக்க அன்றைக்கு எங்கள் கம்ப்யூட்டருக்குத் திராணி கிடையாது. முழுப் படத்தையும் கணக்கிட வேண்டாம், கால்வாசியை மட்டும் எடுத்தால் போதும், மீதி மூன்றும் அதன் நிழல்தான் என்று ஒருநாள் மெஸ்ஸில் சாம்பாரில் கோடு போட்டுக் காட்டினேன். அவன் தட்டைக் கழுவ விடவில்லை. அதுதான் அந்த ஆராய்ச்சிக் கட்டுரை.

இத்தனை வருஷம் கழித்து அதை அச்சில் பார்ப்பேன் என்று தெரிந்துதான் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து திறந்தேன். அந்தக் கால்வாசி வழியை ஒரு படம் போட்டு, ஏழே வரியில் முடித்துவிட்டான். நான் எழுதியிருந்தால் நாலு பக்கம் போயிருக்கும், அதிலும் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. அதோடு நிற்கவில்லை. இந்த வழியை நம்பினால் சில விடைகள் கண்ணில் படாமலே தப்பிவிடும் என்று எச்சரித்து, எவை தப்பும், எப்படி மீட்பது என்று அடுத்த பக்கத்தில் காட்டியிருக்கிறான். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது மேரி. இன்றைக்கும் தெரியாது, இவன் சொல்லித்தான் தெரிந்தது. நான் கோடு போட்ட இடத்தில் நின்றுவிட்டேன், அவன் நடந்து போயிருக்கிறான்.

பொறாமையாக இருந்தது. அழுதேன், உன் மதினி பார்த்துவிட்டு உரல் சண்டையை மறந்தாள். கடைசியில் சந்தோஷமாகவும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

உன் பயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயரைப் போட்டிருக்கிறான். முதலில் பார்த்தபோது ஊருக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்து உனக்கு எழுதவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னைப் படுத்திய அந்த ஏழாவது கணக்கை உண்டாக்கியது லிபின் என்கிற ஒரு மாணவன். நாலாம் அத்தியாயத்தில் ஓர் இடத்தில், "இதை நான் பல வருஷம் தவறாகவே கற்பித்து வந்தேன், ஜின்சி என்கிற மாணவி திருத்தினாள்" என்று எழுதியிருக்கிறான். தன்னைத் திருத்திய பிள்ளையின் பெயரை அச்சில் போட ஒருவனுக்கு நெஞ்சு வேண்டும். என் சாம்பார்க் கோட்டு விஷயத்தில் அவன் எப்படி இருந்தான் என்பது வேறு. இந்தப் புத்தகத்தை எழுதியவன் பிள்ளைகளின் பெயரை விடுகிறவன் இல்லை. டின்டுவின் பெயரையும் விடமாட்டான்.

நல்ல புத்தகம். இந்த விஷயத்தில் இதைவிட நல்ல பாடப்புத்தகம் ஒன்றை நான் பார்க்கப்போவதில்லை. பிள்ளையை அனுப்பு.

விக்கினம் ஒன்றும் இல்லை.

கணக்குகளை ஓரத்தில் பென்சிலால் போட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளச் சொல்.

அண்ணன்,
சிலுவைராஜ்


மாட்டுப்பட்டி,
27 ஜூலை 2025

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மதினி உன்னோடு பேசுகிறாளா? நாங்கள் சுகம். டின்டுவைப் பெங்களூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு நேற்றுத்தான் வந்தோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் மாப்பிள்ளை ஹாஸ்டல் வாசலில் தூசி விழுந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார், பிறகு வால்பாறைக்காரன் ஒருவனோடு ஜீப்பைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

உன் மூன்றாம் ஓலை முப்பதாம் தேதி மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. மழையில் தபால் தாமதம். டின்டு கடை வாசலிலேயே நின்று படித்தாள். அவள் கையில் கொடுக்கும் முன்னால் பழைய கதை முழுவதையும் நானே சொல்லிவிட்டேன். தெரியாமல் போக வேண்டாம் என்று தோன்றிற்று. படித்து முடித்துச் சோளம் அவிக்கிற அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். திரும்பி வந்து, "மாமா சொன்னதுக்கப்பறம் நான் எப்படிம்மா போகாம இருக்க?" என்றாள். மேகம் விலகி டவர் கிடைக்கிறவரைக்கும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்து, அன்றைக்கே சம்மதம் அனுப்பினாள்.

புதுப் புத்தகம் அங்கே லைப்ரரியில் கிடைக்குமாம். அவள் அதைக் கேட்கவில்லை. நீ பென்சிலால் எழுதின இதைத்தான் கொண்டுபோயிருக்கிறாள். ஏலக்காய் வாசனை இன்னும் போகவில்லை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். ஏப்ரலில் பார்சல் கட்டும் முன்னாலேயே, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் விரல் வைத்துப் பார்த்தேன். முன்னுரையில் பார்த்தேன், கடைசிப் பக்கங்களில் பார்த்தேன். அத்தனை பிள்ளைகளின் பெயர் இருந்தது. உன் பெயர் எங்கேயும் இல்லை. நீயும் முதல் நாளே அதைத்தான் தேடியிருப்பாய். அட்டையைக் குறை சொன்னாய், கனத்தைக் குறை சொன்னாய், ஒரு கழித்தல் குறியைக்கூட விடவில்லை. மூணு ஓலையிலும் இதை மட்டும் நீ ஒரு குறையாக எழுதவே இல்லை அண்ணே. எழுதியிருந்தால் நான் அனுப்பியிருக்கமாட்டேன், அதுவும் உனக்குத் தெரியும்.

கம்பத்துக்குப் போய்விட்டு வந்து சாமியாரிடம் சொன்னாயே, அதே ஆள்தான் நீ இன்றைக்கும். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

ஆனால் நான் உன் அளவுக்கு நல்லவள் இல்லை. டின்டு புறப்படுகிற அன்று புத்தகத்தை எடுத்துவைத்து, பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதுவோமே, அதுபோல முதல் பக்கத்தில் உன் பெயரை எழுதினேன். இங்கிலீஷில், நீலப் பேனாவில், இனிஷியலோடு. பிழை வரக்கூடாது என்று முதலில் பில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இனி அஞ்சு வருஷம் அந்தப் புத்தகம் முனீஸ்வரன் மேசைக்குப் போகும், வரும்.

அவர் பெயருக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கேதான் எழுதினேன்.

உன் தங்கை,
அன்னமேரி